சவப்பெட்டியில் ஆறு மாதம்

மேக்கப் அக்கா: வாயைத் திற... இன்னும் கொஞ்சம். கடிச்சுப் பாரு, பல்லு ஆடுதா?

காட்டேரி: ஆடலைக்கா. ரெண்டு வருஷமா இந்தப் பல்லை மாட்டிக்கிட்டு இந்த சீரியல்ல குப்பை கொட்டுறேன். ஒருத்தரையாவது உருப்படியா கடிக்க விட்டாங்களா?

மேக்கப் அக்கா: பேசாதடி, உதட்டுச் சாயம் ஈஷிக்கும்.

காட்டேரி: பேசுவேன். நம்ம ஹீரோ காட்டேரி ஊரையே உறிஞ்சான். அப்புறம் ஒரு நாள் மழையில நின்னு அழுதான். அவ்வளவுதான், 'ஐயோ பாவம், உள்ளுக்குள்ள எவ்ளோ வலி'ன்னு எல்லாரும் உருகுறாங்க. நான் கடிச்சது ஒரே ஒருத்தனை. அதுவும் என்னைக் காட்டேரி ஆக்கினவனை!

மேக்கப் அக்கா: நீ அழலையே.

காட்டேரி: அழுதேனே! பொம்பளைக் காட்டேரி அழுதா நீலிக்கண்ணீராம். வசனமே இருக்கு.

மேக்கப் அக்கா: ம்... கழுத்தை நிமிர்த்து.

காட்டேரி: அவன் திருந்தலாம், காதலிக்கலாம், கல்யாணம்கூட கட்டலாம். எனக்கு? பசி, பொறாமை, ஒரே ஒரு சிவப்பு கவுன்.

மேக்கப் அக்கா: அதுவும் இப்ப இடுப்புல பிடிக்குதுன்னு தையல்காரர் சொன்னார்.

காட்டேரி: ...துவைச்சதுல சுருங்கியிருக்கும்.

மேக்கப் அக்கா: சுருங்கியிருக்கும், சுருங்கியிருக்கும்.

காட்டேரி: என்னக்கா, இன்னைக்கு மேக்கப் ஒட்டுற பசை நாத்தமே இல்ல?

மேக்கப் அக்கா: புதுசு. காய நேரமாகும். ஆடாத.

காட்டேரி: நல்ல வேளை. பழசை மோந்தாலே குமட்டுது. அக்கா... ஒண்ணு சொல்லட்டா? நம்ம ஹீரோவுக்குக் கால் உடைஞ்சப்ப என்ன பண்ணாங்க? 'நூறு வருஷ உறக்கம்'னு கதையை மாத்தி, எலும்பு கூடுற வரைக்கும்...

மேக்கப் அக்கா: மூடின சவப்பெட்டியைக் காட்டியே ஓட்டினாங்க.

காட்டேரி: அதையேதான் நானும் கேட்டேன். ஆறு மாசம் என்னையும் பெட்டியில போடுங்கன்னு.

மேக்கப் அக்கா: ...எதுக்குன்னு சொன்னே?

காட்டேரி: முதுகு வலின்னு. கதாசிரியர் சரின்னுட்டார்க்கா! நான் எழுந்து வர்ற காட்சிகூட யோசிச்சுட்டாராம். பயந்துட்டே இருந்தேன்... வீட்டுக்காரருக்கும் வேலை இல்ல. இதுவும் போச்சுன்னா அடுப்பு எரியாது.

மேக்கப் அக்கா: ம்.

காட்டேரி: என்ன 'ம்'? ஆமா, இதென்ன, கன்னத்துல தோல் தோலா ஒட்டுறே?

மேக்கப் அக்கா: வெயில் பட்டுப் பொசுங்குற காட்சி.

காட்டேரி: கொஞ்சமாத்தானே?

மேக்கப் அக்கா: கண்ணை மூடு.

காட்டேரி: அக்கா, கண்ணு மேலயும் ஒட்டினா நான் எப்படிப் பார்த்து வசனம் பேசுறது?

மேக்கப் அக்கா: வசனம் இல்லடி.

காட்டேரி: இல்லையா? அப்ப... பெட்டி?

மேக்கப் அக்கா: சாம்பலுக்கு எதுக்குப் பெட்டி... சாயங்காலம் பல்லையும் திருப்பி வாங்கி வைக்கச் சொல்லிட்டாங்க.

காட்டேரி: சரின்னு சொன்னாங்களேக்கா! முதுகு வலிக்கா கொல்லுவாங்க? வேற எதுவும் அவங்களுக்குத் தெரியாதே... உன்கிட்டகூட நான் வாயைத் திறக்கலையே, எனக்கு... எனக்கு இப்ப மூணாவது மாசம்னு!

மேக்கப் அக்கா: நீ சொல்லித்தான் தெரியணுமா... பல்லைக் கழட்டி வெச்சுட்டு வாந்தியெடுக்க ஓடுறதை தினம் பார்க்குறேனே. 'புள்ளத்தாச்சிக்கு அந்தப் பசை ஆகாது, நாத்தமில்லாததா வாங்கிக் குடுங்க'ன்னு ஆபீஸ்ல போய்க் கேட்டது நான்தான்டி.