பேச்சித்தாய் பிடுங்கிய முளைக்குச்சி

நன்றி, நன்றின்னு மேடைக்கு மேடை சொல்றோம். யாருக்குச் சொல்றோம்? முகம் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தானே? இதுக்கு ஒரு சின்னக் கதை இருக்கு, கேளுங்க. பின்வரிசை அண்ணாச்சி, அந்தப் போனைக் கொஞ்சம் பைக்குள்ள வையுங்க... ஆங், அப்படி.

பூலாங்கரைன்னு ஒரு ஊரு. ஊருக்கு மேற்கே ஒரு பொட்டல். அது வழியா நாலுவழிச் சாலை வரப்போகுது. அதுக்கு முன்னாடி, மண்ணுக்கடியில பழைய காலத்துச் சமாச்சாரம் ஏதும் இருக்கான்னு பார்க்கத் தொல்லியல் ஆளுங்க வந்தாங்க. அவங்களுக்குத் தலைமை ஜெசிந்தா மேடம். முளைக்குச்சி அடிச்சு, கயிறு கட்டி, கட்டம் கட்டமாப் பிரிச்சுட்டுப் போனாங்க. காலையில வந்து பார்த்தா... ஒரு மூலையில மட்டும் குச்சி இல்ல. மறுபடி அடிச்சாங்க. மறுபடி காணோம்.

அடுத்த தடவை கையும் களவுமாப் பிடிச்சுட்டாங்க. யாரு? ஆடு மேய்க்கிற பேச்சித்தாய்.

"ஏம்மா பிடுங்குற?"

"ரோட்டுக்காரங்க இங்க வரக்கூடாது தாயி."

"நாங்க ரோட்டுக்காரங்க இல்லம்மா."

"குச்சி அடிக்கிறவங்க எல்லாரும் ரோட்டுக்காரங்கதான்."

அவ சொன்னதுல என்ன தப்பு? நம்ம நிலத்துல குச்சி அடிச்சவன் எவன் கொடுக்க வந்திருக்கான்? எல்லாம் எடுக்க வந்தவன்தானே?

மேடம் அதட்டல. பக்கத்துல உட்கார்ந்தாங்க. அப்புறம்தான் அவ வாயைத் திறந்தா. "இங்கதான் எம்புள்ள கிடக்கான் தாயி. ஒன்றரை வயசு..."

சின்னப் பிள்ளைக்கு அந்த ஊர்ல திதி கிடையாது, கல்லு நடுற பழக்கமும் கிடையாது. அடையாளம்னு எதைக் காட்டுவா?

மேடம் அவ கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆனாலும் ஒளிக்காம சொன்னாங்க. "பழைய காலத்துப் புதைகுழின்னா ரோட்டை நிறுத்தச் சொல்லி எழுதலாம்மா. உன் பிள்ளைக்காக என்னால எழுத முடியாதே."

பேச்சித்தாய் குச்சியை அவங்க கையில கொடுத்துட்டா. "அப்போ மெதுவாத் தோண்டுங்க"ன்னு மட்டும் சொன்னா.

பக்கத்துக் கட்டத்துல தோண்டினாங்க. முழங்கால் ஆழத்துல ஒரு தாழி. அந்தக் காலத்துல செத்தவங்களை வச்சுப் புதைச்ச பானை. ஆனா இது சின்னது. உள்ளே... பால்பல்லு. கூடவே குட்டியா ஒரு சங்கு வளையல். ஆராய்ஞ்சு பார்த்தா, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினது! சுத்திலும் தோண்டினா, தாழிக்குப் பக்கத்துல தாழி. எல்லாம் பிள்ளைங்க. மேடம் எழுதினாங்க. மேலிடத்துலயும் ஒத்துக்கிட்டாங்க. சாலை இன்னும் மேற்கே தள்ளிப் போச்சு. பொட்டல் முழுசுக்கும் வேலி போட்டாங்க. பேச்சித்தாயி மகன் வேலிக்கு உள்ளே பத்திரமா இருக்கான்.

வேலி போட்ட அன்னைக்கு ஒரு செம்புப் பாலோட வந்தா. மகன்கிட்ட போகல. நேரே அந்தத் தாழி இருந்த குழிக்குப் போனா. பாலை ஊத்தினா. "எவ பெத்த புள்ளையோ... நீ இங்க படுத்திருந்ததாலதான் எம்புள்ள மேல லாரி ஓடல. நல்லா இரு சாமி."

யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு ஒரு தாய் அழுதுக்கிட்டே தன் பிள்ளையைப் பானைக்குள்ள வச்சா. இன்னொரு தாய்க்கு இது உதவும்னு அவளுக்குத் தெரியுமா? தெரியாது. ஆனா உதவுச்சு. நமக்கும் அப்படித்தாங்க. நாம குடிக்கிற தண்ணி, நடக்கிற வழி, பேசுற பேச்சு... எல்லாம் நம்மைப் பார்க்காதவங்க நமக்கு விட்டுட்டுப் போனது. அவங்க பேரு நமக்குத் தெரியாது. தெரியாட்டி என்ன? பேச்சித்தாய் பேரு கேட்டா பால் ஊத்தினா? இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அவங்களை நினைச்சு ஒரு கும்பிடு போடுங்க. தார் ஊத்துறதுக்கு முன்னாடி குனிஞ்சு பார்த்த அந்த மேடத்துக்கும் சேர்த்துப் போடுங்க.