கயிறு கட்டின மக்காச்சோளம்

— நல்லாப் பாருங்க செங்கல்வராயன். கயிறு கட்டின செடியெல்லாம் பச்சை. கட்டாததெல்லாம் வைக்கோல். ஒண்ணுகூடத் தப்பலை.

— ஷோக்கா கீது எட்மண்ட் சார்.

— மூணு வருஷ உழைப்பு. பத்து மணிக்கு ஹைதராபாத் டைரக்டர் வர்றாரு. இதைப் பார்த்து அவர் தலையாட்டினா இந்தத் திருமழிசையிலயே நமக்குன்னு ஒரு லேப். ஆட்டலைன்னா நிலத்தை நட்டு போல்ட்டு கம்பெனிக்கு வித்துடுவோம்னு ஃபேக்ஸ்லயே எழுதிட்டாரு. நானும் மூட்டை கட்டணும், வாட்ச்மேன் நீங்களும் கட்டணும்.

— நானுமா? இப்பத்தான் சார் கொட்டாய்க்கு ஓலை மாத்தி, பொண்டாட்டியைக் கூட்டியாந்து வெச்சிகினு கீறேன்.

— அதனாலதான் சொல்றேன், கவனிங்க. அவர் உங்களையும் கேப்பாரு. பூ விட்டதுலேருந்து சொட்டுத் தண்ணி பாய்ச்சலைன்னு அடிச்சுச் சொல்லணும்.

— பம்பு சாவி என் அர்ணாக்கவுத்துல கீது. என்னைத் தாண்டி யாரு சார் தொறப்பான்?

— கயிறு எதுக்குன்னு கேட்டா?

— அத்த இன்னொரு தபா சொல்லிடுங்க சார்.

— கவனிங்க. ஒவ்வொரு செடியிலயும் இலையைக் கிள்ளி லேபுக்கு அனுப்பினோம்ல? செடிக்குள்ள எது எங்க இருக்குன்னு அங்க மேப் போட்டிருக்கோம். வறட்சியைத் தாங்கற குணம் நேரா கண்ணுக்குத் தெரியாது. அதுக்குப் பக்கத்துல ஒரு அடையாளம் உண்டு, அது தெரியும். உங்க வீட்டுக்கு வழி கேட்டா டீக்கடையைச் சொல்றீங்கல்ல? டீக்கடையைக் கண்டுபிடிச்சா வீடு பக்கத்துலதான். டீக்கடை இருக்கிற செடிக்கெல்லாம் கயிறு கட்டினேன்.

— டீக்கடை கீது, ஊட்டை இட்ச்சிட்டானுங்கன்னா?

— நல்ல கேள்வி. அதுக்குத்தான் தண்ணியை நிறுத்தி வயல்ல சோதிக்கிறது. சோதிச்சாச்சே, கண்ணு முன்னால நிக்குதே.

— நிக்காம பின்ன? ஆத்தா சும்மா வுட்டுருவாளா.

— எந்த ஆத்தா?

— இன்னா சார், ஒண்ணியும் தெரியாத மாதிரி. பூந்தமல்லி பஜார்லேருந்து மஞ்சக் கயிறு வாங்கியாந்து செடி செடியா முடிச்சு போட்டது நீங்கதானே?

— ரிப்பன் தீர்ந்துபோச்சு. பூஜை சாமான் கடையில கயிறு கெட்டியா இருந்துது, வாங்கினேன்.

— வேண்டுதல் இல்லியா?

— வேண்டுதலா?

— மெய்யாலுமே சார், எனுக்கு மனசு குளுந்துபூட்ச்சு. வேதக்காரரா இருந்துகினு நம்ம ஆத்தாவுக்கு முடிச்சு போட்றாரேன்னு தெருவெல்லாம் பெருமையா சொல்லிகினு கெடந்தேன்.

— தெருவெல்லாமா?

— கம்பெனிக்குப் போற பொம்பளைங்க கேட்டாங்க, சொன்னேன். எத்திராஜ் பொண்டாட்டி முத்தம்மாதான் மொதல்ல வந்தா. அவ புருசன் வேலை பாத்த, லாரிக்கு பாடி கட்ற பட்டறையை மூடிட்டாங்க, ஊட்ல அடுப்பு எரியல, பாவம். ஒரு சொம்பு மஞ்சத் தண்ணியில வேப்பிலை போட்டு ஊத்திட்டுப் போனா. மறுநாளே பட்டறையைத் தொறந்துட்டாங்க சார். அப்பால கேக்கணுமா? தெனம் விடியகாலையில, ஷிப்டுக்கு முன்னாடி, கேட்டு வரிக்கும் கியூ.

— அடியில கிடந்த வேப்பிலை... பூச்சிக்கு நீங்க போட்டீங்கன்னு நெனச்சேன்.

— கயிறு கட்டாத செடிக்கு ஒருத்தியையும் ஊத்த வுடல சார். நான் அதுல கரீட்டு. வெறும் செடிக்கு இன்னா சக்தி கீது?

— கர்த்தரே. சொட்டுத் தண்ணி கூடாதுன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டேனேய்யா.

— பம்புத் தண்ணி வுடலியே சார். இது நேத்திக்கடன். அத்த தடுத்தா என் குடும்பம் வெளங்குமா?

— மணி ஒம்பதரை. செடி பச்சையா இருக்கிறது உள்ள இருக்கிற குணத்தாலயா, சொம்பாலயான்னு நான் அவருக்கு என்ன பதில் சொல்றது? அழுகையா வருதுய்யா.

— அழுவாதீங்க சார். நான் வேணா ஊருக்குள்ள சொல்ல மாட்டேன்.

— ஊருக்குள்ள இல்லய்யா, டைரக்டருக்குப் பொய் சொல்ல முடியாது. சொன்னா அடுத்த வருஷம் இந்த விதையை நம்பி விதைக்கிறவன் வயித்துல மண்ணு... இருங்க, இருங்க. வேலி மூலையில, கருவேல முள்ளுக்குள்ள ஒரு செடிக்குக் கட்டினேன்ல?

— ஆமா. அங்க எவளும் போவ மாட்டா சார், பொடவை கிழிஞ்சிடும். கியூவுல நின்னவ ஒருத்தியும் அந்தப் பக்கம் போவல, என் தலைமேல அடிச்சு சத்தியம்.

— வாங்க. முள்ளைத் தள்ளுங்க. மெதுவா... பச்சை. செங்கல்வராயன், பச்சை. இலை சுருளவேயில்லை. கதிர்ல நூல் விட்டிருக்கு பாருங்க. ரெண்டடி தள்ளி கயிறு இல்லாதது கருகிக் கெடக்கு.

— மெய்யாலுமே சார். தளதளன்னு கீது.

— இது போதும்யா. மத்தது எல்லாம் கெட்டுப்போச்சுன்னு உள்ளதைச் சொல்லிடறேன். இந்த ஒரு செடியைக் காட்டி, இன்னும் ஒரே ஒரு வருஷம் கொடுங்கன்னு கேக்கறேன். கொடுப்பாரு. கார் சத்தம் கேக்குதா?

— கார் இல்ல சார், என் பொண்டாட்டி. தே சாமுண்டீஸ்வரி, பெரிய ஆபீசர் வர்ற நேரத்துல சொம்பும் கையுமா முள்ளுக்குள்ள இன்னா பண்ற?

— நீ கம்முனு நவுருய்யா. சார், கொஞ்சம் வழி வுடுங்க. ஒங்க ஆராய்ச்சி பலிக்கணும்னு பூ வுட்ட நாள்லேருந்து, கண்ணுபடாத செடியாப் பாத்து, யாருக்கும் சொல்லாம இதுக்குத்தான் ஊத்திகினு வரேன். இன்னியோட முடியுது, இந்த ஒரு சொம்புதான் பாக்கி.