கை தூக்குமுன் ஒரு வார்த்தை

அவைக்குத் தலைமையேற்று, அன்பும் அடக்கமும் அணியாகப் பூண்டு அமர்ந்திருக்கும் எங்கள் சங்கத் தலைவர், பெரியவர் கஸ்தூரிரங்கன் அவர்களே. பல்லாவரத்திலிருந்தும் சேலையூரிலிருந்தும் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்தும் பஸ்ஸும் ரயிலும் மாறித் தாம்பரத்துத் திருமண மண்டபம் தேடி வந்திருக்கும் நாணயச் செல்வர்களே, தபால்தலைத் தனவந்தர்களே, தீப்பெட்டிப் படம் திரட்டும் திருவாளர்களே. நம் வீட்டு மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேதான் போகிறார் என்று இன்றைக்காவது பார்த்துவிடுவோம் என வந்திருக்கும் தாய்மார்களே. உங்கள் அனைவருக்கும் பியூலாவின் பணிவான வணக்கம்.

நான் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. தபால்தலை சேர்ப்பவள். இந்தச் சங்கத்துக்குத் துணைத்தலைவி. கண்காட்சி முடிந்து, ஏலம் தொடங்குவதற்கு முன் பேச வேண்டும் என்று தலைவர் எனக்குக் கொடுத்த தலைப்பு, சேகரிப்புக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பது. எவ்வளவு? சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கா? பாலுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போக மிஞ்சுவதா? மனைவிக்குத் தெரிந்த அளவா, தெரியாத அளவா? தாய்மார்கள் கை தட்டுகிறார்கள். தட்டுங்கள் அம்மா. ஐயாமார் சிலர் தலை குனிந்துகொள்வது மேடையிலிருந்து எனக்கு நன்றாகவே தெரிகிறது.

சிரித்தது போதும். இனி நான் சொல்லப்போவது சிரிப்பதற்கு இல்லை.

நம் சங்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தனக்கு எந்தப் பொருள் வேண்டும் என்று ஏலத்துக்கு முன் ஒருவரும் மூச்சு விடக் கூடாது. விட்டால் விலை ஏறிவிடும் என்று பயம். மகளுக்கு வரன் பார்ப்பதைப் பேசுவோம், மாமியாரின் மூட்டு வலியைப் பேசுவோம், மேலதிகாரியின் முன்கோபத்தைப் பேசுவோம். இதை மட்டும் பேச மாட்டோம். பத்து வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவரிடம்கூடப் பேச மாட்டோம். அந்த வாய்ப்பூட்டு இரண்டு நல்ல மனிதர்களை என்ன செய்தது என்பதுதான் இன்று என் பேச்சு.

ஒருவர், மூன்றாம் வரிசையில் வெள்ளைச் சட்டையோடு அமர்ந்திருக்கும் கங்காதரன் அண்ணன். தொழிற்சாலையில் ஃபிட்டர். பெயரை மாற்றிச் சொல்லட்டுமா என்று அவரிடம் நேற்றுக் கேட்டேன். "இன்னாத்துக்கு டீச்சர் மாத்தினு? என் பேரயே சொல்லுங்க. நாலு பேரு கேட்டுக்கினா நல்லதுதான்" என்றார். அந்த மனசுக்கு முதலில் என் வணக்கம்.

மற்றவர் சுந்தரராமன். டெலிபோன் இலாகாவில் குமாஸ்தா. இன்று இந்த அவையில் இல்லாதவர். போன கார்த்திகையில் நம்மை விட்டுப் போனவர்.

இவர்கள் இருவருக்கும் இருந்த நட்பின்மேல் சங்கமே கண் வைக்கும். ஞாயிறு காலை மின்சார ரயில் பிடித்துப் பாரிமுனைக்குப் போவார்கள். நடைபாதைக் கடைகளில் பழங்காசைக் கிளறுவார்கள். ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடித்துவிட்டுத் திரும்புவார்கள். அளவு தெரியாதவரா கங்காதரன் அண்ணன்? இல்லவே இல்லை. மாதம் ஐம்பது ரூபாய், அதற்கு மேல் வேண்டுமென்றால் மனைவி முத்தாலம்மாளைக் கேட்டுவிட்டுத்தான். நான் என் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் சிக்கனத்தை அவர் செய்தே காட்டினார்.

ஆனால் அவருடைய ஆல்பத்தில் ஒரே ஒரு பள்ளம் காலியாக இருந்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய் வரிசையில், முப்பத்தொன்பதாம் வருடத்து ரூபாய். அகப்படுவதே அரிது. நிறைந்த வரிசையில் நிறையாத ஒரு பள்ளம் என்ன பாடு படுத்தும் என்பது உங்களுக்கா தெரியாது? இருப்பது எத்தனை என்று கண் பார்ப்பதில்லை. இல்லாத அந்த ஒன்றிலேயே போய் நிற்கிறது.

எண்பத்தாறாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. செம்பாக்கத்தில் ஒரு மனைக்குத் தவணை கட்டி வந்து, திங்கட்கிழமை மிச்சத்தைக் கட்டிப் பத்திரம் பதியாவிட்டால் மனை கைவிட்டுப் போகும் என்ற நிலை. பதிவுக்கான பணத்தை எடுத்துக்கொண்டு காலையில் மனை விற்கும் புரோமோட்டர் வீட்டுக்குப் போகிறார் கங்காதரன் அண்ணன். துணைக்குச் சுந்தரராமன். புரோமோட்டர் கல்யாணத்துக்குப் போய்விட்டார், நாளைக்கு வாருங்கள் என்கிறார்கள். வீட்டுக்குப் போக நேரமில்லை. இரண்டு பேரும் பணப் பையோடு நேரே நம் சங்க ஏலத்துக்கு வந்துவிட்டார்கள்.

வந்தால், மேசை மேல் தட்டில் அந்த முப்பத்தொன்பது.

சரக்கு வண்டி போகட்டும், பிறகு சொல்கிறேன். இந்த மண்டபத்தில் பேசுகிறவர்கள் ரயில்வேக்குக் கட்டுப்பட்டவர்கள்.

ஏலம் தொடங்கியது. கங்காதரன் அண்ணன் கை தூக்கினார். அடுத்த நொடியே, பக்கத்து நாற்காலியில் சுந்தரராமனின் கை. அவையே திகைத்தது. நண்பன் கேட்கும் பொருளுக்கு நண்பன் போட்டி போடுவதில்லை என்பது நம் நாகரிகம். அந்த நாகரிகத்தை நாகரிகமே உருவான சுந்தரராமன் மீறுகிறார். கங்காதரன் அண்ணனின் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். என் ஆல்பத்தைப் பார்த்தவன், எனக்கு இருப்பதே இந்த ஒரு குறைதான் என்று தெரிந்தவன், என்னோடு டீ குடித்தவன், என் எதிரே கை தூக்குகிறானா? அதோடு போயிற்று ஐம்பது ரூபாய்க் கணக்கு. போயிற்று முத்தாலம்மாளைக் கேட்கும் வழக்கம். இவர் ஒரு தொகை சொன்னால் அவர் ஒரு தொகை. ஆயிரம் தாண்டியது, இரண்டாயிரம் தாண்டியது. ஆசை ஏற்றிய விலை கொஞ்சம்தான்; மிச்சத்தை எல்லாம் ஏற்றியது ரோஷம்.

நாலாயிரத்து நூறில் சுந்தரராமன் கையை இறக்கினார். பணத்தை அன்றே கட்ட வேண்டும் என்பது நம் விதி. பணப் பை திறந்தது. பதிவுப் பணம் போனது. கெடு தாண்டியதும் மனையை வேறொருவர் பெயரில் எழுதினார்கள். கங்காதரன் அண்ணன் இன்றைக்கும் வாடகை வீட்டில் இருக்கிறார். அந்த ஏலத்துக்குப் பிறகு அவர் சுந்தரராமனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு ஆண்டுகள். இதே தாம்பரம் ஸ்டேஷனில், ஒரே பிளாட்பாரத்தில், இவர் அந்தக் கோடியில், அவர் இந்தக் கோடியில்.

சுந்தரராமன் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனபோது கங்காதரன் அண்ணனையும் வற்புறுத்தி அழைத்துப் போனேன். வாசலோடு நின்றுவிட்டார். சுந்தரராமனின் மனைவி வைதேகியே எழுந்து வந்து அழைத்தார். அப்போதுதான் அந்த அம்மா சொன்னார்.

"உங்களுக்குப் போட்டியா கை தூக்கலை அண்ணா. நிலத்துப் பணம் கையிலே இருக்கு, இந்தக் காசைப் பார்த்தா இவர் மனசு நிக்காது, நானே கொறைச்ச விலைக்கு எடுத்துட்டா மாசம் அம்பதா வாங்கிண்டு குடுத்துடலாம்னு நெனைச்சிருக்கார். நான் கை தூக்கினதைப் பார்த்தா கங்காதரன் விட்டுடுவார்னு நம்பினார். அப்புறம், நான் தூக்கத் தூக்கத்தானே அவருக்கு விலை ஏறறதுன்னு புரிஞ்சு இறக்கிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி அழுவார்."

"எங்கிட்ட வந்து சொல்லிருக்கலாமேம்மா" என்றார் கங்காதரன் அண்ணன்.

"எப்படிச் சொல்றது? உங்க நிலம் போனதுக்குத் தானே காரணம்னு அவருக்கு வெட்கம். ஸ்டேஷன்ல உங்களைப் பார்த்தா, இன்னிக்குப் பேசிடணும்னு கிளம்புவார். நீங்க முகத்தைத் திருப்பிண்டா திரும்பி வந்துடுவார்."

அவையோரே, எண்ணிப் பாருங்கள். அன்று ஏலத்துக்கு முன் ஒருவர், "எனக்கு இது வேணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? மற்றவர், "இதை உனக்காக நான் எடுக்கிறேன், நீ சும்மா இரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? பத்து வருடம் பேசிப் பழகிய வாய்கள், பேச வேண்டிய அந்தக் கால் மணி நேரம் பூட்டிக் கிடந்தனவே. விலை ஏறிவிடும் என்று பயந்து வாயைப் பூட்டினோம். பூட்டியதால் அல்லவா விலை ஏறியது? என் நெஞ்சு வேகிறது. இதைச் சொல்லும் இப்போதும் வேகிறது.

எனவே எவ்வளவு செலவழிக்கலாம் என்று கேட்ட தலைவருக்கு என் பதில் இது. எவ்வளவு என்பதை வீட்டில் வைத்து, வீட்டாரோடு பேசி முடிவு செய்யுங்கள். அந்தத் தொகையை இங்கே வந்து பக்கத்து நாற்காலிக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் மறந்தாலும் என் கையைப் பிடித்து இழுங்கள் என்று சொல்லுங்கள். வேறு செலவுக்கு எடுத்துவைத்த பணத்தோடு ஏலத்துக்கு வராதீர்கள். தலைவர் அவர்களே, எழுதாத அந்தச் சட்டத்தை இந்த மேடையிலேயே எடுத்துவிட்டோம் என்று அறிவியுங்கள். அன்றே கட்ட வேண்டும் என்ற விதிக்கும் ஒரு வாரம் தவணை கொடுங்கள். ஆத்திரம் அடங்க ஒரு வாரம் தேவைப்படுகிறது. ஆமாம் என்று பின்வரிசை சொல்வது கேட்கிறது. பின்வரிசைக்கு அனுபவம் அதிகம் போலிருக்கிறது.

துக்க வீட்டிலிருந்து கங்காதரன் அண்ணனை அவர் வீடு வரை கொண்டுபோய் விட்டேன். நடந்ததை முத்தாலம்மாளிடம் சொல்லிவிட்டு, "ஆளும் பூட்டாரு, நமக்கு இருந்த நெலமும் பூட்சே" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மனை போனதற்காக இத்தனை வருடம் ஒரு சுடுசொல் சொல்லாத அந்த அம்மாள் அன்றைக்குத்தான் வாய் திறந்தார்.

"நெலம் பூட்சினா போவுது. இன்னொரு வூடு கட்டிக்கலாம், கட்டாமயும் இருந்துக்கலாம். அந்த மனுசன் ஆறு வருசமா உங்கிட்ட ஒரு வார்த்த பேச வந்துகினே இருந்துகீறாரு. அத எந்த ஏலத்துல போயி எடுப்ப?"

எனக்கு அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் தெரியாது. தெரிந்தவர்கள் இந்த அவையில் இருந்தால் எழுந்து சொல்லுங்கள்.

ஒருவரும் எழவில்லை. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நெஞ்சின் நன்றி. யாரிடமாவது முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பவர்கள் அவர் இருக்கும்போதே போய்ப் பேசிவிடுங்கள் என்று கேட்டு, உங்கள் எல்லோரையும் வணங்கி அமர்கிறேன்.