கைப்பிடிப் பக்கம்

தூண்டில் கம்பின் ஃபோம் பிடியில் பசை ஒட்டிக்கொண்டால் தின்னர் மட்டும் போடாதீர்கள். ஹார்டுவேர் கடை வைத்துத் தின்னர் விற்கிறவனே சொல்கிறேன் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். அது பசையைக் கரைக்கும், கூடவே பிடியையும் கரைக்கும்.

நீங்கள் கேட்டது அதுவல்ல, தெரியும் ஐயா. நீர்த்தேக்கத்தில் என் சகலை மூழ்கிச் செத்தபோது நான் கரையில் நின்று என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன். பசையைத் தாண்டித்தான் அங்கே போக முடியும்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், வயரிங் வேலை. அவர் சட்டைப்பையில் பேனா இல்லாத நாள் உண்டு, கறுப்பு டேப் இல்லாத நாள் கிடையாது. மூக்குக் கண்ணாடி, டிவி ரிமோட், குடை, தண்ணீர்க் குழாய், எது கண்ணில் பட்டாலும் இரண்டு சுற்று. எங்கள் மாமியார் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அவரையும் சுற்றியிருப்பார்.

அந்தத் தூண்டிலை நான் மூன்று நாள் பேரம் பேசி வாங்கினேன். கடைக்காரர் கடைசியில் கும்பிட்டுக் கொடுத்தார். நல்ல வெயில் காலத்தில் சகலை அதை ஒரு வாரம் இரவல் கேட்டார். திரும்பி வந்தபோது பிடி முழுக்கக் கறுப்பு டேப்.

"கிரிப்பு வேணுமில்ல சகலை, அதான் சுத்திக் குடுத்திருக்கேன். கூலியெல்லாம் வேணாம்" என்றார்.

டேப்பை உரித்தேன். டேப் வந்தது, பசை வரவில்லை. ஒரு வாரம் அவர் வேனுக்குள் வெந்து கிடந்த பசை. தார் மாதிரி ஃபோமின் ஒவ்வொரு துளைக்குள்ளும் இறங்கியிருந்தது. கையில் எடுத்தால் கை ஒட்டியது. கீழே வைத்தால் செய்தித்தாள் ஒட்டியது. ஒருநாள் காலை பார்த்தால் பக்கத்து வீட்டுப் பூனையின் முடி ஒட்டியிருந்தது.

சோப்புத் தண்ணீர் போட்டேன், பசை குளித்துவிட்டு அப்படியே இருந்தது. பவுடர் தூவித் தேய்த்தேன், சாம்பல் நிற மாவாக மாறி இன்னும் உள்ளே போனது. பொறுமை இழந்து ஓரமாக ஒரு சொட்டுத் தின்னர் வைத்தேன், உளுந்து அளவுக்குப் பள்ளம் விழுந்தது. பிறகுதான் சமையல் எண்ணெய். துணியில் நனைத்து அரை மணி நேரம் சுற்றி வைத்து, கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ். ஒரு நாளைக்கு ஓர் அங்குலம் சுத்தமானால் பெரிய விஷயம். பதினொரு நாள் ஆயிற்று. இரண்டு கட்டைவிரலிலும் தோல் உரிந்தது.

அதுகூடப் பரவாயில்லை. வீட்டில் ஒருவராவது அவர் செய்தது தப்பு என்று சொல்ல வேண்டுமே. "அத்தான் நல்லதுக்குத்தானே சுத்துனாரு. ஒரு குச்சிக்குப் போயி இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிறீங்க" என்றாள் மனைவி. அவரிடமே சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். "உனக்குப் பொழுது போச்சில்ல, அந்த மட்டும் லாபம்" என்றார். நான் கேட்டது ஒரே ஒரு சொல். அதை யாரும் தரத் தயாராக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவியின் நச்சரிப்பு தாங்காமல்தான் அவரோடு நீர்த்தேக்கத்துக்குப் போனேன். அன்று விடிகாலையில்தான் கடைசி அங்குலத்தை முடித்திருந்தேன். சிமெண்டுச் சரிவின் மேலே நின்று பிடியைத் தடவிப் பார்த்தார்.

"என்ன சகலை, வழுவழுன்னு இருக்கு? எண்ணெய்ச் சட்டியில போட்டு எடுத்தியா? இரு, ரெண்டு சுத்து சுத்திடுறேன்."

பையிலிருந்து டேப் சுருளை எடுத்தார். நான் கம்பைப் பிடுங்கிக்கொண்டேன். சுருள் அவர் கையிலிருந்து நழுவிச் சரிவில் உருண்டது. அதைப் பிடிக்க அவரே இறங்கினார். மூன்றாவது அடியில் பாசி. நான் தள்ளவில்லை. எதிர்க்கரையில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார், உங்களிடம் அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

நீச்சல் தெரியாது. சிமெண்டில் இருந்த ஒரு வெடிப்பில் இடது கை விரல்களைக் கொடுத்துத் தொங்கினார். "சகலை, கம்ப நீட்டு" என்றார். நீட்டினேன். எந்தப் பக்கத்தை என்று கேட்கிறீர்கள். நுனிப் பக்கத்தை. பிடித்தார், நழுவியது. அந்த நுனி ஈர்க்குச்சி கனம்தான் இருக்கும்.

"இது கையில நிக்கல. திருப்பு. பிடிப் பக்கம் குடு."

நியாயமான கோரிக்கை. ஈரக் கைக்கென்றே செய்த பிடி அது.

"அண்ணே, அன்னைக்கு டேப் சுத்துனது தப்புன்னு சொல்லுங்க" என்றேன்.

"தப்புதான். தப்புதான்யா. குடு."

பதினொரு நாளாக நான் காத்திருந்த சொல். எனக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை ஐயா. சொன்ன விலைக்கு உடனே தலையாட்டுகிறவன் சரக்கைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். கடையில் தினம் பார்க்கிறேன். அந்த நேரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் ஆமாம் என்றிருப்பார்.

ஆனாலும் கம்பைத் திருப்பினேன். எதிர்க்கரைக்காரர் பார்த்தது அதைத்தான். பிடி அவர் பக்கம் போனது. அவர் கை மேலே வந்தது. இடையில் நாலு விரற்கடைகூட இருக்காது. அந்தக் கை முழுக்கப் பச்சைப் பாசி, கொழகொழவென்று வழிந்தது. பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். கோபமெல்லாம் இல்லை. சேற்றுக் கையோடு ஒருவர் வந்தால் வெள்ளைச் சட்டைக்காரர் ஒதுங்கமாட்டாரா, அந்த மாதிரிதான். மறுபடி திருப்பி நுனியைக் கொடுத்தேன். நழுவியது. மறுபடி கேட்டார். மறுபடி நுனியைக் கொடுத்தேன். கடைசித் தடவை சகலை என்று கூப்பிடவில்லை, தம்பி என்றார். அதன் பிறகு இடது கையும் வெடிப்பிலிருந்து வந்துவிட்டது.

முதல் வாக்குமூலத்தில் காப்பாற்ற முயன்றேன் என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். பிடியைக் கொடுத்திருந்தால் மேலே வந்திருப்பார், தெரிந்தேதான் கொடுக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அவர் எத்தனை தடவை கேட்டாரோ அத்தனை தடவையும் நான் நீட்டினேன். ஒரு தடவைகூட இல்லை என்று சொல்லவில்லை.