பால்சட்டியும் செப்புத் தும்பும்

லோரன்ஸ் வீதிப் பேருந்து வெக்ஸ்போர்ட் பகுதியைத் தாண்டிக்கொண்டிருந்தது. பனிக்குத் தெருவில் தூவிய உப்புப் படிந்த கண்ணாடிக்கு வெளியே மாலை, தேய்க்காத சட்டிபோலக் கருத்திருந்தது. எனக்கு முன் இருக்கையில் வேலை முடிந்து சாய்ந்திருந்த இருவரில் இளையவர் சொன்னார்:

"அண்ணை, நான் துவக்குத் தேய்ச்ச தும்பாலதான் மனிசி பிள்ளையின்ரை பால்சட்டியைத் தேய்ச்சிருக்கிறா."

மூத்தவர் கண்ணைத் திறந்தார். "என்ன கதை உது?"

"சுட்டுப் பழகுற ரேஞ்சில நாங்கள் சுடுறது வார்த்த ஈயக் குண்டு. கைத்துவக்கின்ரை குழலுக்குள்ள ஈயம் அப்பிப் போகும். சட்டி தேய்க்கிற செப்புத் தும்பை பிரஷ்ஷில சுத்தி இழுத்தாத்தான் கழரும். பிறகு அதைக் கழுவி சிங்கில வைச்சிட்டன்."

"குப்பையில போடாமல் கழுவி வைச்சனியோ?"

"புதுசு மாதிரி மின்னிச்சுது. எறிய மனம் வரேல்லை."

"ஐஸ்கிறீம் டப்பாவையே எறியாத சனமெல்லோ நாங்கள்."

இருவரும் களைப்போடு சிரித்தார்கள். இளையவரின் சிரிப்பு முதலில் நின்றது.

"மகளுக்கு இரத்தம் எடுத்தாச்சு, ஈய நஞ்சு ஏறியிருக்கோ எண்டு பாக்க. ரிசல்ட் இன்னும் வரேல்லை."

"மனிசிக்குச் சொன்னனியோ?"

"சும்மா செக்கப் எண்டு சொன்னனான். சட்டியையும் தெரியாமல் எறிஞ்சிட்டன்."

இளையவரின் தொலைபேசி அதிர்ந்தது; மனைவி. எடுத்தார்.

"ஓம்... பால்சட்டியோ? தேடாதையும். நான்தான் எறிஞ்சனான்."

மூத்தவர் அவரது தோளில் கை வைத்தார்.

"ஏனெண்டு சொல்லுறன், கொஞ்சம் இரும்."

இளையவர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். மறுமுனையில் பிள்ளை பாலுக்கு அழுவது எனக்கும் கேட்டது.