கை கேட்ட இடம்

பொழுது இறங்குகிற நேரம். வெள்ளிமலையிலிருந்து கோமுகி அணைப் பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், அடியில் ஓடைச் சத்தம். ஆள் நடமாட்டமே கிடையாது...

விளக்கைத் தணித்து வையுங்கள். கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம். நாமும் இன்றைக்கு அப்படியொரு பள்ளத்தாக்கில்தான் ஏறி இறங்கி வந்திருக்கிறோம். அதனால்தான் சொல்கிறேன்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன், பிறகு குழம்பக் கூடாது. வடக்கனந்தலில் என் நண்பன் தமிழரசன். அவன் தங்கை சந்தியா. சந்தியாவின் வீட்டுக்காரர் அஜித், கரும்பு வெட்டுக்கு ஆள் பிடித்துப் போகும் மேஸ்திரி. சந்தியாவுக்கு ஏற்கெனவே ஒன்று வயிற்றில் தங்காமல் போயிருந்தது. இது இரண்டாவது. ஏழாம் மாதம், வளைகாப்பு முடிந்து அண்ணன் வீட்டில் இருந்தாள். அவளிடம், "ராத்திரி சோத்துக்கு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அஜித் கூட்டாளிகளோடு மலைக்குப் போனார். பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே நடந்து இறங்குவதாகத் திட்டம்.

காலையில் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. மதியத்துக்கு மேல் கால் ஓய்ந்துவிட்டது. மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். சரத்குமார் என்பவர் மட்டும் ஒரு வளைவில் நின்று, "மேஸ்திரி! ஆளை ஓட்டற ஆளு நீ, உன்னை ஓட்டறதுக்கு ஒரு ஆளு வேணும்டா!" என்று கத்தினாராம். "போய்க்கினே இருங்கடா, வரேன்" என்று அஜித் கையை ஆட்டியிருக்கிறார்.

அந்த வளைவுக்கு இப்பால் ஒரு சுமைதாங்கி. பார்த்திருப்பீர்கள்... நட்டுவைத்த இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு கல், நெஞ்சு உயரத்துக்கு. அஜித் முதுகுப் பையை அதன்மேல் வைத்துவிட்டு நின்றார். பையில் ஒரு துண்டு, ஒரு தண்ணீர் பாட்டில், சந்தியாவுக்கு வாங்கிய கொஞ்சம் மலைத்தேன். அவ்வளவுதான்.

மூச்சு நிதானப்பட்ட பிறகு, திரும்பி முதுகைக் கொடுத்து, பட்டைக்குள் கையை நுழைத்தார். கரும்பு வெட்டுகிறவர்கள் தனியாகக் கட்டு தூக்குவதில்லை. இன்னொருவர் கை கொடுத்தால்தான் தலைக்கு ஏறும். அந்தப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது:

"யாருப்பா... ஒரு கை தூக்கி வுடுங்க."

பின்னால் வளையல் சத்தம். ஒன்றிரண்டு இல்லை, முழங்கை வரை அடுக்கினால் வருகிற சத்தம். உரசிய வசம்பின் வாசனை, கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அடிக்குமே, அது. இரண்டு கை பையை ஏந்தி, பக்குவமாக, முதுகில் ஏற்றிவிட்டது.

அஜித் திரும்பிப் பார்த்தார். கல் மட்டும்தான்.

நடந்தார். பை கனத்தது. நாலு எட்டுக்கு ஒருமுறை இன்னும் கொஞ்சம் கனத்தது. ஓடையைத் தாண்டும்போது முதுகு வளைந்துவிட்டது. கனம் ஒரே இடத்தில் நிற்கவில்லை... மெதுவாக இடம் மாறிப் படுத்தது.

கீழே கடுக்காய் மூட்டையோடு மலைக்காரம்மா ஒருத்தி, சின்னப்பொண்ணு என்று பெயர், எதிரே வந்தாள். அவர் நடையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"சுமதாங்கில கை கேட்டியா?"

"ஆமாம்மா. யாரோ தூக்கி வுட்டாங்க. ஆளைக் காணோம்."

அவள் ஓர் எட்டு பின்னால் போனாள். "தனியா வர்றவனுக்கு அடுத்தவன் கை வேணாம்னுதான அந்த ஒசரத்துல கல்லு வெச்சிருக்கு? அங்க போயி கை கேட்டா யாரு வருவா? வவுத்துப் புள்ளயோட செத்தவளுக்கு வெச்ச கல்லு அது. எறக்காத சுமையோட போனவ."

"திரும்பப் போயி அங்கயே வெச்சிடட்டுமா?"

"குடுத்தவ திருப்பி வாங்குவாளா? வழியில வேற சுமதாங்கி நிக்கும். அதுல எறக்கிட்டுத் திரும்பிப் பாக்காம போ. மனுசக் கையில மட்டும் குடுத்துடாத சாமி."

அஜித்துக்கு ஒரு கல் நினைவு இருந்தது. வடக்கனந்தல் நுழைகிற இடத்தில், கல்யாணத்தின்போது பார்த்தது. முதுகை வளைத்தபடியே இறங்கினார். கீழே காத்திருந்த கூட்டாளிகள் பைக்கில் ஏற்றி வந்து அந்த இடத்தில் இறக்கிவிட்டார்கள். வண்டியின் பின் டயர் தரையோடு உட்கார்ந்துவிட்டதாகச் சரத்குமார் இன்றைக்கும் சொல்கிறார்.

கல் இல்லை. ரோடு அகலப்படுத்தியபோது எடுத்துவிட்டார்கள். குறுக்குக்கல் மட்டும் டீக்கடை வாசலில் சாக்கடைமேல் கிடந்தது. அதை மிதித்துக்கொண்டு ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். நிற்காத கல்லில் எதை இறக்குவது? அஜித் தமிழரசன் வீட்டுப் பக்கம் நடந்தார். உள்ளே போகவில்லை. சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு தமிழரசனைப் போனில் கூப்பிட்டார்.

இனி, வெளியே வந்த தமிழரசன் கண்ணால் பார்த்தது.

"இன்னா மச்சான், குடிச்சிருக்கியா?"

"கிட்ட வராத. பையத் தொடாத. சந்தியாவ வெளிய வுடாத. விடியட்டும், எங்கனா ஒரு சுமதாங்கி நிக்குதான்னு பாத்துட்டு வரேன்."

"உள்ள வந்து படுடா. கண்ணே தொறக்கலயே உனக்கு."

"தண்ணி மட்டும் குடு... தோ, நின்னுக்கினே தூங்கிடுவேன் போலக்குது."

தமிழரசன் தண்ணீர் எடுக்க உள்ளே போனான். சொம்போடு திரும்பி வருவதற்குள் சந்தியா கொல்லைப் பக்கமாக வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

வளைகாப்பு வளையல் கை நிறைய. அந்தச் சத்தம் அரைத்தூக்கத்தில் அஜித் காதில் விழுந்திருக்கிறது. கொடுத்தவளே மனம் இரங்கி வாங்கிக்கொள்ள வந்துவிட்டாள் என்று நினைத்தாராம். அப்பாடா என்று தோளைத் தளர்த்திவிட்டார்.

"இருங்க, நான் எறக்கி வுடறேன்."

அந்தக் குரலைக் கேட்டுத்தான் விழித்தார். அதற்குள் பை அவள் கையில்.

"இதுல இன்னா கனக்குதுன்னு இப்படி நிக்கிறீங்க? ஒரு துண்டும் பாட்டிலும்..." என்று சிரித்துக்கொண்டே சந்தியா உள்ளே போனாள். படி ஏறும்போது மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாளாம்.

ஒன்பதாம் மாதம் ஸ்கேன். அதற்கு முன் எடுத்ததிலெல்லாம் ஒரு பிள்ளைதான். அன்று ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா திரையை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, "ரெட்டைன்னு உங்களுக்கு யாரும் சொல்லலயா?" என்று கேட்டாள்.

சந்தியாவுக்குச் சந்தோஷம். அஜித் அவளிடம் இன்றுவரை எதுவும் சொல்லவில்லை. இரண்டும் பெண். நல்லபடியாகத்தான் பிறந்தன. மூத்தது எல்லாப் பிள்ளைகளையும் போலக் கையை நீட்டி "தூக்கு, தூக்கு" என்கிறது. போன மாதம் நானும் போய்ப் பார்த்தேன்.

சின்னது அப்படிக் கேட்பதில்லை. பகலெல்லாம் களைத்த மாதிரி ஒரு மூலையில் பாயில் படுத்திருக்கிறது. யாரும் அதைத் தூக்கி வைத்திருக்கவில்லை. தரையில்தான் படுத்திருக்கிறது... கண்ணை மூடியபடி, மெல்லிசாக, சொல்லிக்கொண்டே இருக்கிறது:

"எறக்கி வுடு... எறக்கி வுடு..."