சங்கு ஊதினால்

— சிரிக்காதே அக்கா. வெள்ள அபாயச் சங்குக்கு ஒத்திகைப் பொத்தானையும் நிஜப் பொத்தானையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுத் தொலைச்சிருக்காங்க. நான் டீ கிளாஸ் வைக்க இடம் தேடினேன், முழங்கை பட்டுடுச்சு, அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா? பட்டப்பகல்ல தெருவே பள்ளிக்கூட மாடிக்கு ஓடுச்சுடா! உங்க மாமா பாதி சவரத்தோட ஓடினார்.

— வெள்ளத் தடுப்பு இன்ஜினியர்னு பெத்த பேரு. ஆபீஸ்ல இப்ப என்னைச் ‘சங்கு’ன்னுதான் கூப்பிடறாங்க.

— பொருத்தமாத்தான் இருக்கு. கொஞ்சம் நகரு, தையல் மெஷினுக்கு அடியில இன்னொரு செங்கல் கொடுக்கணும்.

— விளையாட்டு போதும்க்கா. மேல அணை நிரம்பிடுச்சு. சாயங்காலம் திறக்கறாங்க. உங்க தெரு கால்வாயை விடப் பள்ளம். இந்த முறை சங்கு ஊதினா நிஜம். வருவியா?

— முதல்ல டீயைக் குடி.

— டீயாலதான் இவ்வளவு வினையும். வருவியா?

— மெதுவாப் பேசு. உன் மருமக இப்பதான் தூங்கினா.

— தெருவுல எவனைக் கேட்டாலும் இதே கதைதான். “பாக்கலாம் சார்”, “ஆகட்டும் சார்”. முன்னே மாதிரி மழை இல்லை, ஊரைத் தயார் பண்ணணும்னு ரெண்டு வருஷமா நாயா அலைஞ்சேன். என் முழங்கை பட்டதுக்கு நீங்கல்லாம் சாகணுமா? நம்பிக்கை இல்லேன்னா ரெண்டு அறை விடு. ஆனா வந்துடு.

— உன்னை யாருடா நம்பலை?

— அப்புறம் என்ன?

— அன்னைக்கு மாடியிலேருந்து இறங்கி வந்தா, தெரு முழுக்கக் கதவுல பூட்டு. உங்க ஆபீஸ் பூட்டு.

— அது பாதுகாப்புக்குக்கா! சங்கு ஊதினா ஒரு குழு வந்து காலி வீட்டையெல்லாம் பூட்டணும். திருடன் நுழையக் கூடாதுன்னு நான்தான் திட்டத்துல சேர்த்தேன்.

— நீதானா? நல்லா இரு. சாவியைக் கேட்டா, “இது வெள்ளப் பகுதி, மனுஷங்க இருக்கத் தகாத இடம். ஊருக்கு வெளியே வீடு தர்றோம், கையெழுத்துப் போடு”ன்னாங்க. பஸ்ஸே போகாத காட்டுல எவ வந்து என்கிட்ட ஜாக்கெட் தைப்பா? உங்க மாமா கடப்பாரையால பூட்டை உடைச்சுத்தான் உள்ள வந்தோம்.

— எனக்கு... யாரும் சொல்லலையே.

— சார்கிட்ட யார் சொல்லுவா?

— நான் பேசறேன். பூட்டக் கூடாதுன்னு உத்தரவு வாங்கறேன்.

— எப்ப?

— மேலதிகாரி நாளைக்குத்தான் வர்றார்.

— தண்ணி?

— ...இன்னைக்கு.

— ம். அதான் உங்க மாமா பரண்ல பலகை அடிச்சிட்டிருக்கார்.

— பரண் தாங்காதுக்கா. போன வெள்ளம் மாதிரி முட்டியளவோட நிக்காது. மழுப்பாம ஒரே வார்த்தை சொல்லு. ஊதினா வருவியா, மாட்டியா?

— மாட்டேன். நீ சொல்ற அளவுக்குத் தண்ணி வரும்னு எனக்கும் தெரியும்டா. பாப்பா துணியெல்லாம் இந்தப் பையில இருக்கு. எழுப்பாம தூக்கிட்டுப் போ.